அத்தையின் புறவாசலும் ஒரு பலாக்கொட்டையும்

எங்கள் அத்தைக்கு மரம் என்றாலே ஆகாது என்றுதான் நான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். கீரை ஆகும், வெண்டை ஆகும், சீனியவரை ஆகும், பந்தலில் படரும் புடலையும் பீர்க்கும் ஆகும். இடுப்புக்கு மேல் வளர்ந்து தண்டு கட்டையாகிற எதையும் அவள் புறவாசலுக்குள் சேர்த்ததில்லை. தென்காசியில் எந்தப் பக்கம் திரும்பினாலும் தோப்பும் துரவுமாக இருக்க, எங்கள் வீட்டுக்குப் பின்னால் மட்டும் ஏறுவதற்கு ஒரு கிளை கிடையாது, ஊஞ்சல் கட்ட ஒரு கொம்பு கிடையாது. அந்த வயதில் எனக்கு உலகத்தில் இதைவிடப் பெரிய அநியாயம் தெரியாது.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. கல்யாணமான கையோடு மாமாவுடன் ரங்கூனுக்குக் கப்பலேறிப் போனவள். மாமாவுக்கு அங்கே ஒரு மரவாடியில் குமாஸ்தா வேலை. யுத்தம் அந்தப் பக்கம் திரும்பி ஊர்மேல் குண்டு விழ ஆரம்பித்ததும் பெண்டுபிள்ளைகளை முதலில் அனுப்பிவிட்டார்கள். மாமா இவளைக் கப்பலில் ஏற்றிவிட்டு, "நீ முந்திப் போ, அடுத்த கப்பல்ல நான் வந்துருதேன்" என்று சொன்னாராம். அடுத்த கப்பல் வரவேயில்லை. கப்பல் கிடைக்காதவர்கள் மலைக்காடு வழியாக நடந்தே வருகிறார்கள் என்று பேச்சு வந்தது. அப்படி நடந்தவர்களில் சிலர் ஊர் வந்து சேர்ந்தார்கள். மாமா வரவில்லை. அத்தை எங்கள் வீட்டில் காத்திருந்தாள். முகம் நிறைய மஞ்சளும் நெற்றியில் பெரிய குங்குமமுமாக, இன்று வருவார், நாளை வருவார் என்று காத்திருந்தாள். வண்டிச் சத்தம் வாசலில் நின்றால் போதும், அவள் கையில் இருப்பது அப்படியே நிற்கும்.

நான் அப்போது மூன்றாம் வகுப்போ நாலாம் வகுப்போ. வாய் மட்டும் எட்டாம் வகுப்பு. தெருவில் எந்த வீட்டில் என்ன குழம்பு என்பது எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் என்ன குழம்பு என்பது என்னால் தெருவுக்குத் தெரியும். "இவ வாயில ஒரு சங்கதி விழுந்தா தண்டோரா போட்ட மாதிரிதான்" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். அதை நான் புகழ்ச்சியாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

புறவாசலைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெறும் சரள் பூமி. கடப்பாரை போட்டால் கணீரென்று சத்தம் வரும், மண் வராது. மழை பெய்தால் தண்ணீர் நிற்காமல் கற்களுக்கிடையில் எங்கோ போய் ஒளிந்துகொள்ளும், அரை நாழிகையில் பழையபடி காய்ந்து கிடக்கும். அம்மா அதில் வடகம் காயப்போடுவதோடு சரி. ரங்கூனில் அத்தை இருந்த வீட்டுக்குப் பின்னால் கறுத்த சேறாம். "அங்கன வெறகுக்குச்சிய ஊணினாலும் தளுத்துரும்" என்பாள். அப்படிப்பட்ட இடத்திலிருந்து வந்தவள் எங்கள் சரளைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நாள் சும்மாதான் இருந்தாள். காத்திருக்கிறவளுக்குக் கை சும்மா இருந்தால் மனசு கண்ட இடத்துக்கும் போகும். அதனால்தானோ என்னவோ, ஒருநாள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு மண்வெட்டியைத் தூக்கிவிட்டாள்.

மண்ணே இல்லாத இடத்தில் அவள் மண்ணை உண்டாக்கினாள் என்றுதான் சொல்ல வேண்டும். கோடையில் குளம் வற்றியதும் வயல்காரர்கள் வண்டி வண்டியாக வண்டல் அள்ளிப் போவார்கள். அப்பாவை நச்சரித்து அதில் எங்கள் வீட்டுக்கும் சில வண்டி கொட்டச் செய்தாள். புங்க இலை, கொழுஞ்சிச் செடி, மாட்டுத் தொழுவத்தைக் கூட்டிய குப்பை, அடுப்புச் சாம்பல், எது கிடைத்தாலும் புறவாசலுக்குத்தான். அதெல்லாம் போதாதென்று அவளுக்கு ஒரு யோசனை வந்தது பாருங்கள், அதில்தான் வீடு இரண்டுபட்டது.

குற்றாலத்தில் சாரல் காலம் வந்துவிட்டால் வெளியூர்க் கூட்டம் கொள்ளாது. அருவியில் குளித்தவர்களுக்கு வருகிற பசி சாதாரணப் பசி இல்லை. சாப்பிட்டுவிட்டு அவர்கள் எறிகிற வாழை இலை அங்கங்கே குன்றாகக் கிடக்கும். அத்தை, குளிக்கிறவர்களை ஏற்றிப் போகிற மாட்டுவண்டிக்காரரிடம் சொல்லி, திரும்பி வரும்போது அந்த எச்சில் இலைகளைச் சாக்கில் அடைத்துக் கொண்டுவரச் செய்துவிட்டாள். அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு புறவாசல் நிலையில் நின்றாள்.

"யாரு எச்சியோ, எந்த ஊரு எச்சியோ. நாலு பேரு கேட்டா நம்மள என்ன நெனப்பாக?"

"மண்ணுக்கு ஏது மைனி எச்சியும் பத்தும்? அது எல்லாத்தையும் தின்னுட்டு ஒண்ணா ஆக்கிரும்" என்றாள் அத்தை.

கடைசியில், இலையைத் தொட்ட கையோடு வீட்டுக்குள் வரக் கூடாது, கிணற்றடியில் தலைமுழுகிவிட்டுத்தான் வர வேண்டும் என்று ஒரு சமாதானம் ஏற்பட்டது. அத்தை ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை முழுகினாள். அப்பா, "குத்தாலத்துல குளிக்கிறவன்கூட இத்தனை குளி குளிக்க மாட்டான்" என்று சிரித்தார்.

அந்த இலைக் குவியலை நான் இப்போதும் கண்ணை மூடினால் பார்க்கிறேன். செங்கோட்டைக் கணவாய் வழியாக ஈரக்காற்று இறங்கும். வெயில் அடித்துக்கொண்டே இருக்கும்போது பூப்போலச் சாரல் விழும், விழுகிறதா இல்லையா என்று சந்தேகமாகவே விழும். மலை இருக்கிற இடத்தில் மலை இருக்காது, வெள்ளையாக ஏதோ நிற்கும். அந்தக் குளிரில் குவியல் மட்டும் மெல்லப் புகைந்துகொண்டிருக்கும். நெருப்பு ஒன்றும் இல்லை, மக்குகிற சூடு. "கையை விட்டுப் பாருட்டி" என்பாள் அத்தை. முழங்கை வரை விடுவேன். உள்ளே இதமாக, காய்ச்சல்காரர் வயிற்றைத் தொட்ட மாதிரி இருக்கும். அப்படியே கண் சொக்கும். நானும் அவளும் ஆளுக்கொரு பக்கம் கையை நுழைத்துக்கொண்டு, ஒன்றும் பேசாமல், சாரலில் நனைந்துகொண்டு உட்கார்ந்திருப்போம். ஓயாத என் வாய் ஓய்ந்த இடம் அது ஒன்றுதான்.

மறு வருஷமே மண் மாறிவிட்டது. கையில் எடுத்தால் பொலபொலவென்று உதிர்ந்தது. முதல் மண்புழுவைக் கண்ட அன்று அத்தை என்னைக் கூப்பிட்டுக் காட்டி, வீட்டுக்கு விருந்தாளி வந்த மாதிரி மகிழ்ந்துபோனாள். வெயில் காலத்தில் பாத்திகளின்மேல் வைக்கோலும் பனையோலையும் பரப்பி மூடிவிடுவாள். மண்ணுக்கும் தலையில் துணி போட வேண்டும் என்பது அவள் கட்சி. காய்கறி வாங்க அம்மா கடைக்குப் போவதே நின்றுபோனது. ரேஷன் அரிசியில் கல்லும் புழுவுமாக வந்த அந்த நாட்களில் எங்கள் வீட்டுத் தட்டில் குழம்பும் பொரியலும் குறைந்ததே இல்லை.

இந்தச் சிறப்பைப் பார்த்து அப்பாவுக்கும் ஆசை வந்தது. அவர் தாலுகா கச்சேரியில் வேலை பார்த்தவர். யுத்த காலமல்லவா, வீட்டுக்கு வீடு காய்கறி போடுங்கள் என்று சர்க்கார் சொல்லிக் கச்சேரியில் முட்டைகோசு விதை கொடுத்தார்கள். அப்பா தன் கையால் ஒரு பாத்தி போட்டார். இலை வந்தது, பெரிது பெரிதாக வந்தது, யானைக்காது மாதிரி விரிந்தது. கோசு மட்டும் மூடவேயில்லை. தென்காசி வெயிலில் அது எதற்காகப் போர்த்திக்கொள்ளப் போகிறது? அப்பா தினமும் காலையில் போய்க் குனிந்து பார்த்துவிட்டு, யாரிடமும் எதுவும் சொல்லாமல் கச்சேரிக்குப் போவார். நல்லவேளை, காலியாகக் கிடந்த பாத்திகளுக்கு உரமாகட்டும் என்று அத்தை ஒரு சாயங்காலம் ஆட்டுமந்தை வைத்திருந்த கீதாரியிடம் சொல்லி ராத்திரிக்கு ஆட்டுக்கிடை போடச் செய்தாள். பட்டிக்குள் அடைத்த ஆடுகள் படலை நெட்டித் தள்ளிவிட்டு வந்து விடிவதற்குள் கோசு இலை அத்தனையையும் தின்று தீர்த்துவிட்டன. அப்பா கோபப்படவில்லை. அவர் முகத்தில் அவ்வளவு நிம்மதியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

கோசோடு அப்பா அடங்கியிருக்கலாம். அவர் மரக்கன்றுகளுக்குத் தாவினார். இலஞ்சிக்குப் போனால் ஒரு தென்னம்பிள்ளை, குற்றாலத்துக்குப் போனால் ஒரு மங்குஸ்தான் கன்று, ஆய்க்குடியிலிருந்து ஒரு கொய்யா என்று வாங்கி வந்து, "இதை ஒரு ஓரமா வச்சிரு தாயி" என்று அத்தையிடம் நீட்டுவார். அத்தை கன்றை வாங்கி இலையைத் தடவிக் கொடுப்பாள். பிறகு ஒரு காரணம் சொல்லுவாள்.

"மங்குஸ்தான் மலை ஜாதி அண்ணாச்சி. சாரல்லயே நிக்கிற மரம். இங்கன சித்திரை வெயில்ல கருகிப் போகும், பாவம்."

தென்னை கிணற்றுத் தண்ணீரையெல்லாம் குடித்துவிடும். எலுமிச்சை முள், பிள்ளை ஓடியாடுகிற இடம். முருங்கை வைத்தால் கம்பளிப்பூச்சி. கொய்யா வேர் மேலாக ஓடிப் பாத்திச் சத்தைத் திருடிவிடும். எல்லாமே நியாயமான காரணங்கள்தான், எதிர்த்துப் பேச முடியாது. கன்றுகள் ஒவ்வொன்றாக அடுத்த வீட்டுக்கும் எதிர்வீட்டுக்கும் போய், அங்கே செழித்து நின்று என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டன.

அம்மா ஒருநாள் அப்பாவிடம், "அவதான் வேண்டாங்காள, நீங்க எதுக்குக் கொண்டாந்து குமிக்கீக?" என்று கேட்டாள்.

"இது அவ வீடுதாம்னு அவளுக்குத் தோண வேண்டாமா? நாளைக்கு என்ன ஆகும்னு யாரு கண்டா?" என்றார் அப்பா.

எனக்குப் பலா வேண்டும். கிளை தரையோடு தாழ்ந்து ஊஞ்சலுக்கு வாகாக இருக்கும், அடிமரத்திலேயே பழம் தொங்கும், ஏறாமலே பறிக்கலாம். பலாவுக்கு அத்தை என்ன காரணம் சொல்லுவாள்? எங்கள் பக்கத்து மண்ணுக்கும் மழைக்கும் பொருந்தின மரம். அடியில் பாறை என்று சொல்லிப் பார்த்தாள். எதிர்வீட்டில் நிற்கிறதே, அங்கே பாறை இல்லையா என்று மடக்கினேன். ஒருநாள் தெருப் பெண்கள் நாலைந்து பேர் கீரை வாங்க வந்து கிணற்றடியில் நின்றபோது, இதுதான் சமயம் என்று தரையில் புரண்டு அடம் பிடித்தேன்.

அத்தை கீரையைக் கட்டிக்கொண்டே சொன்னாள்: "மரம் வைக்கிறது அங்கனயே இருக்கப் போறவுக செய்யுத காரியம்ட்டி. நான் என்ன இங்கனயேவா இருக்கப் போறேன்? ஆடியில வெதைச்சா தைக்குள்ள எல்லாம் முடிஞ்சிரும், அவுக எப்ப வந்து கூப்பிட்டாலும் கையைக் கழுவிட்டுக் கெளம்பிருவேன். போற வீட்டுல வைப்பேன் மரம். ஒண்ணில்ல, தோப்பே வைப்பேன்."

பெண்கள் சிரித்து, "அப்படியே ஆகட்டும்" என்று கீரையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்கள். அதன்பின் தெருவில் யாரும் அவளிடம் மாமாவைப் பற்றி விசாரிப்பதில்லை. போகிற போக்கில் எங்கள் வேலிப்படல் வழியாக எட்டிப் பார்ப்பார்கள். பாத்தியில் கீரையும் வெண்டையுமாக இருக்கும், அவர்களும் திருப்தியாகப் போவார்கள்.

அது ஆனி மாதம். மத்தியான வேளை, வெளியே சாரல். புளியறையிலிருந்து ஒரு மனிதர் வந்தார். மெலிந்து, ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தார். வெறுங்கையோடு வரக் கூடாதென்று தன் வீட்டு மரத்துப் பலாப்பழம் ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு வந்திருந்தார். மரவாடியில் மாமாவோடு வேலை பார்த்தவர், மாமாவோடு மலைவழியில் நடந்தவர். வழியில் நோயில் விழுந்து, வடக்கே எங்கெங்கோ கிடந்து, அப்போதுதான் ஊர் திரும்பியிருந்தார். வாசலை ஒட்டிய தார்சாவில் அப்பாவும் அவரும் உட்கார்ந்தார்கள். நானும் கூடவே உட்கார்ந்தேன், பழத்துக்குப் பக்கத்தில்.

அவர் பேசினார். காட்டுக்காய்ச்சல் என்றார். ஒரு ஆற்றங்கரை என்றார். "நான் விட்டுட்டு வரல அண்ணாச்சி. கூடவே இருந்து, முடிஞ்சப்புறம், எல்லாம் செஞ்சிட்டுத்தான் வந்தேன்" என்றார். அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "மெதுவா, மெதுவா" என்றார். எனக்குக் காது கேட்டது. புத்தி மட்டும் பலாப்பழத்தின் வாசனையில் கிடந்தது. அப்பா எழுந்துபோய் அம்மாவிடம் காதோடு ஏதோ சொன்னார். இப்போது தங்கச்சியிடம் மூச்சு விடாதே, நானே சமயம் பார்த்துச் சொல்லுகிறேன் என்று அவர் சொன்னதைப் பின்னால் பெரியவளான பிறகு அம்மா எனக்குச் சொன்னாள்.

அத்தைதான் அவருக்கு இலை போட்டுப் பரிமாறினாள். ரங்கூனிலிருந்து வந்தவர் என்று தெரியும், இருந்தும் மாமாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவரும் இலையை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. மோர் ஊற்றுகிறபோது மட்டும் கேட்டாள்.

"இது ஒங்க மரத்துப் பழமா?"

"ஆமம்மா."

"வெதை போட்டா எத்தனை வருசத்துல காய்க்கும்?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "ஏழெட்டு வருசம் ஆகும் தாயி" என்றார். அத்தை செம்பை வைத்துவிட்டு உள்ளே போனாள்.

அன்று பலாப்பழத்தை நான்தான் தின்றேன். பெரியவர்கள் ஒருவரும் ஒரு சுளையைக்கூடத் தொடவில்லை. இப்படியும் ஒரு பாக்கியமா என்று வயிறு முட்டத் தின்றுவிட்டுப் படுத்தேன்.

காலையில் எழுந்தபோது புறவாசலில் மண்வெட்டிச் சத்தம். போய்ப் பார்த்தால் அத்தை, இருக்கிற பாத்திகளில் நல்ல பாத்தியாகப் பார்த்து, வெண்டைச் செடிகளை ஓரமாகப் பிடுங்கி வைத்துவிட்டு ஆழமாகக் குழி தோண்டிக்கொண்டிருந்தாள். இடுப்பளவு இறங்கிவிட்டாள். பக்கத்தில் ஒரு கொட்டாங்கச்சியில் கழுவிய பலாக்கொட்டைகள். சாரல் அவள் தலைமேல் வெள்ளையாகப் பூத்திருந்தது.

"பலாவா அத்தை?"

"பலாதான்ட்டி. கன்னா வாங்கி வச்சா ஆணிவேர் மடங்கிப் போகும். கொட்டையா ஊணினாத்தான் நேரா கீழ எறங்கும். எறங்கட்டும். நல்ல மண்ணாத்தான இருக்கு."

அவள் குழியில் மக்கிய இலையைப் போட்டாள், வண்டலைப் போட்டாள், கையாலேயே கட்டிகளை உடைத்துப் பரப்பினாள். கொட்டைகளில் திரட்சியான ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்து வைக்கச் சொன்னாள். வைத்தேன். மண்ணைத் தள்ளி மூடினாள். மூடிய மண்மேல் உள்ளங்கையை வைத்து அப்படியே கொஞ்ச நேரம் குனிந்திருந்தாள்.

நிமிர்ந்தால் நிலைப்படியில் அப்பா நிற்கிறார். எத்தனை கன்று கொண்டுவந்து கெஞ்சியிருப்பார் மனுஷர், ஒரு மரம் வை, ஒரு மரம் வை என்று. இன்றைக்கு வைத்தாயிற்று. சந்தோஷப்பட வேண்டாமா? நிலையைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். அடுக்களையில் அம்மா உலை வைக்காமல் உட்கார்ந்திருந்தாள். இந்தப் பெரியவர்களுக்கு எது கொடுத்தாலும் திருப்தி கிடையாது என்று எனக்குத் தோன்றியது.

என் அடம்தான் ஜெயித்தது, வேறென்ன? கால் தரையில் பாவவில்லை. தெருவுக்கு ஓடினேன். முதல் வீட்டில் ஆரம்பித்து வீடு வீடாக, "எங்க அத்தை பலா வச்சாச்சு, எங்க அத்தை பலா வச்சாச்சு" என்று சொல்லிக்கொண்டே போனேன். மாவாட்டிக்கொண்டிருந்த ஆச்சி ஒருத்தி குழவியை நிறுத்திவிட்டு, "யாரு, ஒங்க அத்தையா? அவ கையாலயா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன் பெருமையாக. அவள் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தாள்.

நான் வீடு திரும்புவதற்குள் பெண்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். அடுப்பில் வைத்தது வைத்தபடி, சாரலில் நனைந்துகொண்டு, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ஒவ்வொருத்தியாக வந்தார்கள். அத்தை அதற்குள் வீட்டுக்குள் வந்து தார்சாவில் உட்கார்ந்திருந்தாள்; நேரே அவளிடம் போய் அவளைச் சுற்றித் தரையில் உட்கார்ந்தார்கள். ஒருத்தி அவள் மண் அப்பின கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் அத்தை அழுத சத்தம் கேட்டது.

நான் புறவாசலுக்கு ஓடினேன். இவ்வளவு கூட்டம் வருகிறதே, மரம் வைத்த இடம் தெரியாமல் யாராவது மிதித்துவிட்டால் என்ன செய்வது? குழியைச் சுற்றிச் சுள்ளிகளை நட்டு வைத்து, வருகிறவர்களுக்குக் காட்டலாம் என்று பக்கத்திலேயே காவல் நின்றேன். மத்தியானம் வரை நின்றேன். அந்தப் பக்கம் ஒருத்திகூட வரவில்லை. மரம் வைத்ததைக் கேட்டு ஓடி வந்தவர்கள், வைத்த இடத்தை எட்டிக்கூடப் பார்க்காமல் போகிறார்களே என்று எனக்கு அவர்கள்மேல் ஒரே கோபம்.